உக்கடத்துக் கிட்டார்

அதக் கீழ வெக்காதீங்க தம்பி. கிட்டார்தானுங்களே அது? மடியில வெச்சுக்குங்க. இல்லாட்டி இப்படி நம்ம ரெண்டு பேருத்துக்கும் நடுவுல நிறுத்திக்கலாம். கீழ வெச்சா இஞ்சின் சூடு ஏறும், சூட்டுல ஒட்டு விட்டுரும். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பிச்சா பஸ்ஸு கொதிக்கும் பாருங்க, அப்பத் தெரியும்.

எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க. ஒரு பாட்டுகூடத் தெரியாது. ஆனா கிட்டாரப் பத்திக் கேளுங்க, எது வேணாலும் சொல்றேன். என்ன மரம், என்ன காந்தம், கம்பி நிக்கலா வெங்கலமா, எல்லாம் அத்துப்படி. என்ற தொழில் அப்படி. கோயமுத்தூர் கணபதியில மோட்டார் காயில் கட்டற கடை வெச்சிருந்தேன். தோட்டத்து மோட்டார், மில்லு மோட்டார், கிரைண்டர், எது புகைஞ்சாலும் நாச்சிமுத்து கடைக்குத்தான் வரும். என்ற பேருதானுங்க நாச்சிமுத்து. இப்பக் கடை இல்ல. சாமானெல்லாம் ஊட்டுல கெடக்குது.

குன்னூர் வரைக்கும் நேரம் இருக்குது. உங்களுக்குத் தூக்கம் வரலைன்னா ஒரு ஆளப் பத்திச் சொல்றேன். நாயம் எந்தப் பக்கம் இருக்குதுன்னு நீங்களே சொல்லுங்க. கிட்டார் புடிச்சவரு, உங்களுக்குப் புரியும்.

கிளமெண்ட்டுன்னு பேரு. மெல்லிசைக் குழுவுல கிட்டார் வாசிக்கறவரு. கோயமுத்தூரச் சுத்தி கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பின்னு எங்க மேடை போட்டாலும் அவரு ஓரமா நின்னுட்டிருப்பாரு. ஒல்லியா, ஒசரமா, சட்டைய உள்ள விட்டுட்டு. பாடறவங்கள எல்லாரும் பாப்பாங்க, இவர யாரும் பாக்க மாட்டாங்க. ஒரு நாள் ஆம்ப்ளிபயரத் தூக்கிட்டுக் கடைக்கு வந்தாரு. உள்ள டிரான்ஸ்பார்மர் கருகிப் போச்சு. கட்டிக் குடுத்தேன். அங்கயே கிட்டார மாட்டி ரெண்டு தட்டுத் தட்டிப் பாத்துட்டு, "நல்லா இருக்குதுங்க மொதலாளி"ன்னாரு.

"என்ன நல்லா இருக்குது? முன்னைக்கு இப்ப வோல்டேஜ் எவ்வளவு எச்சு வருது தெரியுமா?"ன்னேன்.

சிரிச்சாரு. "அது தெரியாதுங்க. கேக்க நல்லா இருக்குது."

அவ்வளவுதானுங்க அவரு. எத்தன வருசம் பழகுனாலும் அதுக்கு மேல ஒரு வார்த்த வாங்க முடியாது. கச்சேரி இல்லாத சாயங்காலமெல்லாம் கடைக்கு வந்துருவாரு. கடைக்குப் பின்னாடி ஒரு ரூம்பு. காயிலுக்கு வார்னிஷ் ஊத்திக் காய வெக்கற எடம். அங்க ஒரு முக்காலியப் போட்டு உக்காந்து வாசிச்சிட்டிருப்பாரு. நான் இக்கட்ட முன்பக்கம் காயில் கட்டிட்டிருப்பேன். எதுக்கு வந்தீங்கன்னு நான் கேட்டதில்ல, எதுக்கு வந்தேன்னு அவரும் சொன்னதில்ல.

அவருக்காகத்தான் நான் கிட்டாரப் பத்திப் படிக்கவே ஆரம்பிச்சேன். கம்ப்யூட்டர்ல போனீங்கன்னா வெளிநாட்டுக்காரங்க அதப் பத்தி ராத்திரி பகல்னு சண்ட போடறாங்க. இந்த மரந்தான் ஒசத்தி, அந்தக் காந்தந்தான் ஒசத்தி, ஒயர் தடிமனா இருந்தா சத்தம் உருண்டு வரும், பெயிண்ட் எச்சா அடிச்சா மரம் மூச்சு விடாது. அத்தனையும் படிச்சேன். படிச்சத அவருகிட்டச் சொல்லுவேன். அவரு வாசிச்சிட்டே கேப்பாரு. என்ற சம்சாரம் வசந்தாமணி ஊட்டுல இருந்து காப்பி கொண்டுட்டு வருவா. வந்தா, "அந்த மனுசன் வாசிக்கும்போது சித்த வாய மூடுங்களே"ம்பா. அவளுக்கென்னங்க தெரியும்? மோட்டாருக்கும் மிக்சிக்கும் வித்தியாசம் தெரியாதவ.

அவ இப்ப இங்க இல்லீங்க. பையன் புனாவுல இருக்கறான். பேரன் பொறந்தப்ப ஒத்தாசைக்குப் போனா. "போயிட்டு வர்றேன்"னு சொல்லிட்டுத்தான் போனா. பேரன் இப்பப் பள்ளிக்கூடம் போறான். அங்க தண்ணி நெம்ப நல்லா இருக்குதாமா. முட்டி வலி இல்லையாமா. நானும் வான்னு வற்புறுத்தல. ஒடம்புக்கு ஒத்துக்கிட்டா இருந்துட்டுப் போகட்டும்.

எங்க விட்டேன்? கிளமெண்ட்டு. அவரு நல்ல கிட்டார் ஒன்னு வெச்சிருந்தாருங்க. ஒரு நோம்பிக் கச்சேரிக்குப் போறப்ப வேன்ல ஸ்பீக்கர் பெட்டி அது மேல சாஞ்சு, கழுத்து முறிஞ்சு போச்சு. அந்த வருசம் ஐப்பசி மழை கொட்டுச்சு. மழையில நனைஞ்சுட்டு ஒரு நாள் கடைக்கு வந்தாரு, கையில ஒரு கிட்டார். உக்கடத்துப் பழைய சாமான் சந்தையில வாங்குனேன்னாரு. கையில வாங்கிப் பாத்தேன். பிளைவுட்டுங்க! கட்டிலுக்கு அடியில போடற பலகை. பெயிண்ட்டு உரிஞ்சு தொங்குது, கம்பெனிப் பேரு இருந்த எடத்த எவனோ சுரண்டி வெச்சிருக்கறான்.

"ஏனுங்க கிளமெண்ட்டு, இதுல எப்படிங்க சத்தம் வரும்?"

"வருதுங்க மொதலாளி."

"வராது."

"சித்த கேட்டுப் பாருங்களேன்."

நான் கேக்கலீங்க. எதுக்குக் கேக்கோணும்? பலகையப் பாத்தாலே தெரியுதே. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். எனக்குத் தெரிஞ்சவரோட மச்சான் அமெரிக்காவுல இருந்து லீவுக்கு வந்தாரு, அவருகிட்டச் சொல்லி ஒரு கிட்டார் வரவழச்சேன். நாப்பது எடத்துல படிச்சுப் பாத்து, எல்லாரும் ஒரே குரல்ல நல்லதுன்னு சொன்ன கிட்டாரு. ஒரே மரத்துல குடைஞ்சது. பொட்டியத் தொறந்தா வாசமே வேற. கிளமெண்ட்டு கையில குடுத்தேன். அவரு கண்ணே கலங்கிப் போச்சு. "எனக்கெதுக்குங்க இதெல்லாம்"னாரு. "நீங்க வாசிக்கறதுக்கு இதுதான் தகும்"னேன். ரெண்டு மூணு மேடையில அதத்தான் வாசிச்சாரு. அப்புறம் பாத்தா மறுபடியும் அந்த உக்கடத்துப் பலகையத் தோள்ல மாட்டிட்டு நிக்கறாரு. கேட்டா, "அது புதுசுங்க, மேடையில அடிபட்டுரும்"னு ஒரு சமாதானம்.

சரி, இப்பச் சொல்றதுதான் முக்கியம்.

அடுத்த வருசம் மழைக்காலத்துல ஒரு நாள் சாயங்காலம். அவரு பின்னாடி ரூம்புல இருக்கறாரு. ரெண்டு கிட்டாரும் அங்கதான் இருக்குது. நான் முன்னாடி ஷட்டரப் பாதி எறக்கிட்டு நின்னுட்டிருக்கறேன். வசந்தாமணி புனா போய் ஒரு வருசம் ஆயிருந்துச்சு, ஊட்டுக்குப் போய்ப் பண்றதுக்கும் ஒன்னுமில்ல. உள்ள இருந்து சத்தம் வருது. எந்தப் படத்துப் பாட்டும் இல்ல. அவராப் போட்ட மெட்டு, அப்பப்ப வாசிப்பாரு, அதுக்குப் பேரும் கெடையாது. ஒரு கம்பிய மெதுவா இழுத்து விட்டாருங்க.

எப்படிச் சொல்றது... வசந்தாமணி சமையக்கட்டுல இருந்து "ஏனுங்க"ம்பா. நான் "என்ன?"ம்பேன். "ஒண்ணுமில்ல"ம்பா. அந்த ஒண்ணுமில்லைக்கு முன்னாடி சித்த நேரம் சும்மா இருப்பா பாருங்க, அது அந்தக் கம்பியில இருந்துச்சு. அப்படியே இருந்துச்சு. நான் ஷட்டரப் புடிச்சுட்டு அங்கயே படியில உக்காந்துட்டேன். கண்ணுல பொலபொலன்னு தண்ணி. மழைச் சாரல் வேற மூஞ்சியில அடிக்குது. துடைக்கோணும்னுகூடத் தோணல. மனசுக்குள்ள என்ன நெனச்சேன் தெரியுமா? பாத்தியா, ஒசத்தி மரம்னா இதுதான்டா, அமெரிக்காக்காரன் சும்மாவா சொன்னான்னு நெனச்சேன்.

எந்திரிச்சு உள்ள போனேன். போய்ப் பாத்தா, அமெரிக்காக் கிட்டார் பொட்டிக்குள்ள தூங்குது. அவரு மடியில அந்த உக்கடத்துப் பலகை.

கிளமெண்ட்டு நிமிந்து பாத்தாரு. "எப்படிங்க இருந்துச்சு?"

"பரவால்ல. கீழ்க் கம்பியில இரைச்சல் வருது. மரத்துல உயிரில்ல"ன்னேன்.

அவரு என்ற மூஞ்சியவே பாத்துட்டிருந்தாரு. "கண்ணெல்லாம் செவந்திருக்குதுங்களே மொதலாளி?"

"வார்னிஷ் நெடி"ன்னேன்.

வார்னிஷ் நெடி இருந்தது நெசந்தானுங்க. ஒரு மில்லு மோட்டார் அன்னைக்குத்தான் ஊத்தி வெச்சிருந்தேன். கண்ண எரிக்கும் அது. எத்தன வருசமானாலும் பழகாது. அவரு கிட்டார உறையில போட்டு, ஜிப்ப இழுத்து, "வர்றேனுங்க"ன்னு கெளம்பிட்டாரு. மழை விடட்டும்னேன். கேக்கல.

எனக்கு மனசு ஆறல. பொய்யாட்ட இருந்துச்சு எல்லாமே. பிளைவுட்டுல அந்தச் சத்தம் வராதுன்னா வராதுதான், அப்ப வந்தது என்ன? மறு வாரம் அமெரிக்காக் கிட்டாரத் தூக்கிட்டு அவரு ஊட்டுக்கே போனேன். போத்தனூர்ல ரயில்வே லைனுக்குப் பக்கத்துல வாடகை ஊடு. அவரு சம்சாரம் ரெஜினா, நல்ல பொம்பளைங்க, "வாங்கண்ணா"ன்னு டீ போட்டுக் குடுத்துது. நான் சொன்னேன்: "கிளமெண்ட்டு, நான் செவுத்தப் பாத்துத் திரும்பி உக்காந்துக்கறேன். நீங்க ரெண்டையும் மாத்தி மாத்தி வாசிங்க. எது எதுன்னு நான் சொல்றேன். இன்னைக்கு இத முடிச்சிருவோம்."

"எதுக்குங்க மொதலாளி அதெல்லாம்?"ன்னாரு.

ரெஜினாதான், "வாசிங்களேன், அண்ணன் ஆசப்படறாரில்ல"ன்னு சிரிச்சுது.

செவுத்துல ஒரு மாதா படக் காலண்டர். அதப் பாத்து உக்காந்தேன். அவரு வாசிச்சாரு. அதே மெட்டு. மொதல்ல ஒன்னு, அப்புறம் ஒன்னு. ஒன்னு சும்மா சத்தமா இருந்துச்சு. இன்னொன்னு வந்து தோள்ல கை வெச்சாப்ல இருந்துச்சு. "இது அமெரிக்கா!"ன்னேன். ரெஜினா களுக்னு சிரிச்சுது. மறுபடியும் மாத்தி வாசிக்கச் சொன்னேன். மறுபடியும் சொன்னேன். மூணாந்தடவையும் சொன்னேன். திரும்பிப் பாத்தா, நான் அமெரிக்கா அமெரிக்கான்னு சொன்னதெல்லாம் உக்கடம்.

நீங்களா இருந்தா என்னங்க நெனப்பீங்க? எனக்குச் சந்தேகம் வந்துச்சு. வாசிக்கறவரு அவருதானே? அவரு கையில தானே எல்லாம் இருக்குது? "கிளமெண்ட்டு, நீங்க வெரல்ல ஏமாத்தறீங்க. பலகைக்கு ஒரு மாதிரி வாசிக்கறீங்க, என்ற கிட்டாருக்கு ஒரு மாதிரி வாசிக்கறீங்க"ன்னேன். வாய் தவறி வந்ததில்ல, நெனச்சுத்தான் சொன்னேன்.

ரெஜினா சிரிப்ப நிறுத்திருச்சு. டம்ளர எடுத்துட்டு உள்ள போயிருச்சு.

கிளமெண்ட்டு தலையக் குனிஞ்சு கம்பியத் துடைச்சிட்டே இருந்தாரு. நிமிராமயே, "ரெண்டையும் உங்களுக்குத்தானுங்க வாசிச்சேன்"னாரு.

அது பதிலாங்க? நான் கேட்டது ஒன்னு, அவரு சொல்றது ஒன்னு.

ஆனா நான் விடலீங்க. ஊட்டுக்கு வந்து யோசிச்சேன். தொழில்காரன் புத்தி எனக்கு. அந்தப் பலகையில ஏதோ நல்லது இருக்குதுன்னு வெச்சுக்குவோம். அப்ப எங்க இருக்குது? கிட்டார்ல கம்பிக்கு அடியில பிக்கப்புன்னு ஒன்னு இருக்குதில்லீங்களா, காந்தத்தச் சுத்தித் தலமுடியாட்டச் செம்புக் கம்பி சுத்தி. அதுவும் காயில்தானே? உலகத்துல எனக்குத் தெரிஞ்சது ஒன்னே ஒன்னுன்னா அது காயில்தான். மட்டமான காயில வெச்சுட்டே பலகை இவ்வளவு நல்லாக் கேக்குதுன்னா, நல்ல காயில் வெச்சா எப்படி இருக்கும்? யோசிச்சுப் பாருங்க! அவருக்குச் சொல்லாமப் பண்ணி, சந்தோசப்படுத்தோணும்னு நெனச்சேன். அன்னைக்கு அவரு ஊட்டுல பேசுனது எனக்கும் உறுத்தத்தான் செஞ்சுது.

நேரமும் கூடி வந்துச்சு. அவங்க குழுவுக்கு ஆண்டு விழா. இத்தன வருசத்துல மொதத் தடவையா கிளமெண்ட்டத் தனியா வாசிக்கச் சொல்லியிருந்தாங்க. பாட்டுக்குப் பின்னாடி நின்னு வாசிக்கறதில்ல, அவரு மட்டும், அவரோட மெட்டு. பேரில்லாத அந்த மெட்டுதான். ரெஜினா ஒறம்பரை சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லி வெச்சிருந்துது. அவரு என்றகிட்ட வந்து, "ஒயர் சொருகற எடம் லூசா இருக்குதுங்க, சித்த ஈயம் பத்த வெச்சுக் குடுங்க"ன்னு உக்கடத்துக் கிட்டாரக் குடுத்துட்டுப் போனாரு. வந்தாரே பாருங்க, அதுவே எனக்குச் சந்தோசம்.

தொறந்து பாத்தேன். தம்பி, அந்தக் காயில நீங்க பாத்திருக்கோணும்! மேடும் பள்ளமுமா. ஒரு எடத்துல இறுக்கம், ஒரு எடத்துல தொளதொளன்னு. கண்ணக் கட்டிட்டுச் சுத்துனாப்ல. மீட்டர் வெச்சா முள்ளு அரை மனசா எந்திரிக்குது. என்ற கடையில ஒருத்தன் அப்படிச் சுத்தியிருந்தா அன்னைக்கே கணக்க முடிச்சு அனுப்பியிருப்பேன். பிளேடால அறுத்து எறிஞ்சுட்டு, புதுச் செம்பு போட்டு, வரி வரியா, கோயில் மணியாட்டச் சுத்தமாச் சுத்துனேன். மெழுகு ஊத்துனேன். மீட்டர் வெச்சேன், முள்ளு துள்ளுச்சு. என்ற கை வேலையிலயே அதுதானுங்க ஒசத்தி. எத்தனையோ மோட்டார் கட்டியிருக்கறேன், அதுக்கு இணையில்ல.

விழாவன்னைக்கு அவரு கிட்டார நேரா மேடைக்குத்தான் வாங்கிட்டுப் போனாரு. நான் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்துல நின்னுட்டேன். பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க. நடுவுல வந்து நின்னாரு. வெளிச்சம் அவரு மேல. மொதக் கம்பிய இழுத்து விட்டாரு.

சுத்தமா இருந்துச்சுங்க. ஒரு இரைச்சல் கெடையாது. கண்ணாடியாட்டம். கடைசி வரிசை வரைக்கும் கணீர்னு போச்சு.

அவரு கிட்டாரப் பாக்கல. நேரா என்னப் பாத்தாரு. எத்தன பேரு உக்காந்திருக்கறாங்க, ரெஜினா மொத வரிசையில இருக்குது, என்னையத்தான் பாத்தாரு. கோவமாப் பாத்தா எனக்குத் தெரியாதுங்களா? கோவம் இல்ல. தொலைஞ்ச சாமானத் தேடறாப்ல பாத்தாரு. அப்புறம் கண்ண மூடிட்டு முழுசா வாசிச்சாரு. கை தட்டுனாங்க. நல்லாவே தட்டுனாங்க.

கீழ எறங்கி வந்ததும் நானே போய்ச் சொன்னேன். "எப்படி? புதுக் காயில்! நானே சுத்துனேன்!"

"பழசு எங்கீங்க மொதலாளி?"ன்னாரு.

"அது எதுக்கு? அறுத்துப் போட்டுட்டேன். செம்புக் கழிவோட போயிருச்சு."

கிட்டார உறையில போட்டாரு.

"சரிங்க"ன்னாரு.

அவ்வளவுதான். சரின்னுதானுங்களே சொன்னாரு? சரின்னா சரிதானே? கோவம்னா கோவம்னு சொல்லோணும். புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லோணும். நான் என்ன அவரு மனசுக்குள்ள மீட்டர் வெச்சா பாக்க முடியும்? அன்னைக்கு இருந்து கடைக்கு வர்றதில்ல. போன் பண்ணா எடுப்பாரு. "நல்லா இருக்கறீங்களா மொதலாளி"ம்பாரு. ஏன் வர்றதில்லைன்னா, "வேலைங்க"ம்பாரு. குழுவுல டிரம்ஸ் அடிக்கறவன் ஒருத்தன் மோட்டாரோட வந்தப்பத்தான் சொன்னான், "கிளமெண்ட்டண்ணன் கச்சேரியெல்லாம் விட்டுட்டாருங்களே, ரெஜினாக்கா ஊரு குன்னூருக்கே குடி போயிட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?"ன்னு. எனக்குத் தெரியாது. அவன் முன்னாடி தெரிஞ்சாப்ல தலையாட்டுனேன்.

அதுல இருந்து எனக்குக் கடையில கை ஓடல. பின்னாடி ரூம்புல முக்காலி அப்படியே கெடக்கும். வார்னிஷ் காய வெக்கப் போனா அதச் சுத்தித்தான் போகோணும். எடுத்து ஓரமாப் போடலாம்னு நெனப்பேன், போடல. அமெரிக்காக் கிட்டார அவரு போத்தனூர் ஊட்டுலயே வெச்சிட்டு வந்திருந்தேன். ஊடு காலி பண்றப்ப யார்கிட்டயோ குடுத்து கடையில சேத்துட்டாங்க. ஒரு சொல்லுகூட வரல அது கூட. எப்பவாச்சும் பொட்டியத் தொறந்து ஒவ்வொரு கம்பியாத் தட்டிப் பாப்பேன். எனக்கு அவ்வளவுதானே தெரியும்.

வேற ஒன்னும் பண்ணேன். சிரிக்காதீங்க. அந்தப் பழைய காயிலாட்டமே திரும்பச் சுத்திப் பாத்தேன். மேடும் பள்ளமுமா, இறுக்கமும் தொளதொளப்புமா. நெனச்சுட்டுக் கோணலாச் சுத்தறது எவ்வளவு கஷ்டம் தெரியுங்களா? கை தானா நேராப் போகுது. கண்ண மூடிட்டுச் சுத்துனேன். எடது கையால சுத்துனேன். எத்தனையோ சுத்திப் போட்டேன். கடைசியா ஒன்னு அதாட்டம் இருக்குதுன்னு தோணுச்சு. காயிதத்துல மடிச்சுச் சட்டைப் பையில போட்டுட்டு, ஒரு ஞாயித்துக்கிழமை இதே பஸ்ல ஏறுனேன்.

குன்னூர்ல விசாரிச்சா, சர்ச்சுல இருப்பாருன்னாங்க. மேட்டு மேல சின்ன சர்ச்சு, தேயிலைத் தோட்டத்த ஒட்டி. உள்ள பூசை நடக்குது. நான் ரோட்டுலயே செவுத்தோரம் நின்னேன். பாட்டுக்கு நடுவுல கிட்டார் கேட்டுச்சு. கேட்ட ஒடனே தெரிஞ்சு போச்சுங்க. அதே சத்தம். கடையில ஷட்டரப் புடிச்சுட்டு நின்னேனே, அதே சத்தம். அந்தக் காயில் இல்ல, நான்தான் அறுத்துட்டேனே. என்ன வெச்சு வாசிக்கறாரு? வேற கிட்டாரா? அதே பலகையா, என்ற காயிலோடவா? கல்லுச் செவுத்துல மோதி அப்படி வருதா? உள்ள போய் ஒரு எட்டுப் பாத்தாத் தெரிஞ்சிரும்.

போகலீங்க. ஏன்னு கேக்காதீங்க. பாத்துட்டா அப்புறம் கேக்க முடியாதோன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. கிறுக்குத்தனம். பையில இருந்த காயிலக் குடுக்கவும் இல்ல. அதான் சத்தம் நல்லா இருக்குதே, அதுக்கு மேல எதுக்குக் காயில்? அடுத்த பஸ்ஸப் புடிச்சு எறங்கி வந்துட்டேன்.

அப்புறம் ஞாயித்துக்கிழமையானா வந்துட்டிருக்கறேன். ஊட்டுல சும்மா கெடக்கறதுக்கு இது பரவால்ல. ஒரு தடவ ரெஜினா பாத்துருச்சு. குடையப் புடிச்சுட்டு வெளிய வந்து, "அண்ணா! உள்ள வாங்கண்ணா, குளுருல ஏன் நிக்கறீங்க"ன்னுது. "இல்லம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு, இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

இப்பக் கொஞ்ச நாளா ஒரு விசயம் நடக்குதுங்க, அதுதான் எனக்குப் புரிய மாட்டீங்குது. பூசை முடிஞ்சு சனமெல்லாம் போயிரும். சாமியாரும் போயிருவாரு. சர்ச்சுல ஆளே இருக்காது. அப்புறமேட்டுக்கு இவரு தனியா உக்காந்து வாசிக்கறாரு. அந்த மெட்டு. முழுசா. முடிச்சுட்டு மறுபடியும் மொதல்ல இருந்து. அதுவும் எப்படி, ரோட்டுப் பக்கத்து ஜன்னல நல்லாத் தொறந்து விட்டுட்டு! போன வாரம் பனி மேகமாட்ட எறங்குது, கைய நீட்டுனா வெரல் தெரியல. அந்தக் குளுருல ஜன்னலத் தொறந்து வெச்சா கம்பி எறங்கிரும், மரம் ஈரம் குடிக்கும், சுதி நிக்காது. இதெல்லாம் தெரியாத ஆளா அவரு? வயசாச்சுன்னா இப்படித்தான் ஆயிருவாங்களாட்ட இருக்குது. நானும் வாசிச்சு முடிக்கட்டும்னு நின்னு நின்னு ரெண்டு பஸ்ஸ விட்டுட்டேன்.

என்னங்க தம்பி?

எனக்கா?

சேச்சே. அதெல்லாம் இல்லீங்க. நான் நிக்கறது அவருக்கு எப்படித் தெரியும்... ரெஜினா சொல்லியிருக்கும்தான். சொல்லியிருக்கும். ஆனா எனக்கெதுக்குங்க அவரு வாசிக்கறாரு? அப்படி இருந்தா ஜன்னலத் தொறந்தவரு ஒரு வார்த்த கூப்புட்டிருக்க மாட்டாரா?

குன்னூர் வந்திருச்சு. நீங்க ஊட்டிக்குத்தானே? இருங்க, நான் எறங்கிக்கறேன், கிட்டாரச் சித்த புடிச்சுக்குங்க.

ஏனுங்க தம்பி... நீங்க வாசிக்கறவரு, உங்களுக்குத்தான் தெரியும். கூப்புட்டிருப்பாருதானுங்களே?